சிலந்தி எத்தனை குறைந்தது? வயல்வெளியில் ஒரு சதவீதக் கணக்கு

பயிர் மேலாண்மைப் பாடத்தை நடத்தி முடித்த எந்த வகுப்பிலும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "பூச்சிக்கொல்லி தெளிப்பதால் என்ன தீமை?" நிலம் மாசுபடும், நீர் மாசுபடும், நன்மை செய்யும் பூச்சிகளும் அழியும் என்று பதில் வரிசையாக வரும். இரண்டு மதிப்பெண்ணுக்கு அது போதும். "எத்தனை அழியும்? பாதியா, முழுவதுமா? அழிந்தது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். விடை புத்தகத்தில் இல்லை. ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் முறை ஏழாம், எட்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் சதவீதம் என்ற பெயரில் இருக்கிறது. அறிவியல் பாடத்தையும் கணிதப் பாடத்தையும் வயல் வரப்பில் சேர்த்து நடத்த ஒரு வழியை இங்கே எழுதுகிறேன். நெல் வயலை வைத்து எழுதுகிறேன். பருத்தி, கத்தரி, நிலக்கடலை விளையும் ஊர்களில் பணியாற்றும் ஆசிரியர்கள் பூச்சியின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் கணக்கு அப்படியே பொருந்தும்.

எதை எண்ணுவது?

நெல் வயலில் நமக்கு நண்பர்களான உயிரினங்கள் பல. தட்டான், ஊசித்தட்டான், பொறிவண்டு, சிலந்திகள், பூச்சிகளின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை இடும் மிகச்சிறு குளவிகள், புகையானின் முட்டைகளை உறிஞ்சிக் குடிக்கும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி எனப் பட்டியல் நீளும். எல்லாவற்றையும் எண்ண வேண்டும் என்று ஆசை வரும். முதல் ஆண்டு அதைச் செய்யாதீர்கள் என்பது என் கருத்து. மிரிட் பூச்சி சுமார் மூன்று மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். பழகாத கண்ணுக்கு அதன் குஞ்சும் புகையானின் குஞ்சும் ஒன்றுபோலத் தெரியும். பொறிவண்டின் புழுவோ குட்டி முதலை போன்ற உருவத்தால் "தீமை செய்யும் புழு" என்று தவறாக எண்ணப்பட்டு, நசுக்கப்பட்டுவிடும். தட்டான் நாம் வருவதற்குள் பறந்துவிடும்.

சிலந்தியை எண்ணுங்கள். சிலந்திக்கு இறக்கை இல்லை, எட்டுக் கால் இருப்பதால் அடையாளம் காண எளிது. (எட்டுக் கால் என்றவுடன் ஒரு மாணவர் எழுந்து "அப்படின்னா அது பூச்சியே இல்லையே டீச்சர்" என்பார். சரிதான். நன்மை செய்யும் 'பூச்சிகள்' என்று பேச்சுவழக்கில் சேர்த்துச் சொல்கிறோம். கணுக்காலிகள் பாடத்தை நினைவூட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.) நெல் குத்தின் அடிப்பகுதியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஓடித் திரியும் ஓநாய் சிலந்தி வலை பின்னிக் காத்திருக்காமல் ஓடிப்பிடித்து வேட்டையாடும். பெண் சிலந்தி முட்டைப் பையைத் தன் பின்புறத்தில் ஒட்டிச் சுமக்கும். குஞ்சுகள் பொரித்ததும் சில நாள்கள் தாயின் முதுகில் சவாரி செய்யும். இதை ஒருமுறை பார்த்த குழந்தை சிலந்தியை மறக்காது.

சிலந்தியைத் தேர்ந்தெடுக்க இன்னொரு வலுவான காரணம் உண்டு. எப்போது மருந்து தெளிக்கலாம் என்று சொல்லும் 'பொருளாதாரச் சேதநிலை' அளவிலேயே சிலந்தி இடம்பெற்றிருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி, வயலில் சிலந்தி இல்லாவிட்டால் தூருக்கு ஒரு புகையான் என்ற நிலையிலேயே கட்டுப்படுத்தும் நடவடிக்கை தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான் வரும்வரை பொறுக்கலாம். ஒரு குத்தில் 15 தூர்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால், சிலந்தி இல்லாத குத்தில் 15 புகையான்தான் எல்லை. ஒரே ஒரு சிலந்தி இருக்கும் குத்தில் எல்லை 30. இந்தப் பெருக்கலைக் கரும்பலகையில் போட்டுவிட்டு, "வயலில் இறங்கிச் சிலந்தியை எண்ணாமல் மருந்து வாங்கப் போகலாமா?" என்று கேளுங்கள். எண்ணுவது பாடத்துக்காக மட்டும் அல்ல, பணத்துக்காகவும்தான் என்பது பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

புகையான் சொல்லும் கதை

நண்பர்களை இழப்பதால் என்ன ஆகும் என்பதற்கு ஆசிய நாடுகளின் நெல் வயல்களிலேயே பெரிய சான்று இருக்கிறது. புகையான் தன் முட்டையை நெல்லின் இலையுறைத் திசுவுக்குள் செருகி வைக்கும். மேலே தெளிக்கும் பல மருந்துகள் அந்த முட்டையை எட்டுவதில்லை. தாய்ப்பூச்சியும் சிலந்தியும் மிரிட் பூச்சியும் சாகும். சில நாள்களில் முட்டை பொரித்து வெளிவரும் குஞ்சுகளுக்கோ எதிரியே இல்லாத வயல் காத்திருக்கும். மருந்து தெளித்த வயலிலேயே புகையான் முன்பைவிட அதிகமாகப் பெருகுவதை 'மறு எழுச்சி' என்பார்கள். இந்தோனேசியாவில் 1970களிலும் 80களிலும் மானிய விலையில் மருந்து கிடைத்த காலத்தில் புகையான் பெரும் சேதம் விளைவித்தது. 1986இல் அந்நாட்டு அதிபர் சுகார்த்தோ 57 வகைப் பூச்சிக்கொல்லித் தயாரிப்புகளை நெற்பயிரில் பயன்படுத்தத் தடை விதித்தார். 1989 முதல் அங்கே 'உழவர் வயல்வெளிப் பள்ளிகள்' தொடங்கப்பட்டன. அந்தப் பள்ளியில் உழவர்கள் வாரந்தோறும் வயலில் இறங்கி, தீமை செய்யும் பூச்சி எத்தனை, நண்பர்கள் எத்தனை என்று எண்ணி, படம் வரைந்து, அதன் பிறகு மருந்து வேண்டுமா என்று பேசி முடிவெடுத்தார்கள். நாம் செய்யப்போவதும் ஏறக்குறைய அதுதான்.

இரண்டு வயல், இரண்டு முறை

தெளித்த வயலில் மட்டும் போய் எண்ணினால் எதுவும் தெரியாது. தெளிப்பதற்கு முன் எத்தனை இருந்தது என்று தெரியாதே. முன்பும் பின்பும் எண்ணினாலும் போதாது என்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர். இடையில் ஒரு கனமழை பெய்திருக்கலாம். வயலில் தண்ணீர் வடிந்திருக்கலாம். ஆகவே அதே ரகம், ஏறக்குறைய அதே வயதுப் பயிர் உள்ள, தெளிக்காத ஒரு வயலும் வேண்டும். அதை ஒப்பீட்டு வயல் என்போம். இரண்டு வயலிலும் ஒரே நாளில், தெளிப்பதற்கு முன்பு ஒருமுறையும் தெளித்த பிறகு ஒருமுறையும் எண்ண வேண்டும். ஆக நான்கு எண்கள். தெளிப்பான் புகை காற்றில் வந்து ஒப்பீட்டு வயலில் படியாத அளவுக்கு இரண்டுக்கும் இடைவெளி இருக்கட்டும். வரப்பை ஒட்டிய அடுத்த வயல் வேண்டாம்.

எண்ணும் முறை எளியது. வரப்போரத்தை விட்டு உள்ளே தள்ளி, வயலின் குறுக்காக ஐந்து இடங்கள். இடத்துக்கு நான்கு குத்து. மொத்தம் இருபது குத்து. இடத்தை "சிலந்தி நிறைய தெரிகிற பக்கம்" பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பத்து அடி நடந்து நின்ற இடம் என்று முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். குத்தை மெல்லத் தட்டி, அடிப்பகுதியையும் தண்ணீரின் மேற்பரப்பையும் பார்த்து எண்ணுங்கள். காலை எட்டு மணி என்றால் எல்லா நாளும் காலை எட்டு மணி. எண்ணுபவரும் ஒருவராகவே இருக்கட்டும். கண்கூர்மை ஆளுக்கு ஆள் மாறும்.

அந்த ஒருவர் பெரியவராக இருக்க வேண்டும். தெளித்த வயலில் பிள்ளைகள் இறங்கக் கூடாது. மூன்றாம் நாள், ஏழாம் நாள் எண்ணிக்கையை, புட்டியின் சீட்டில் சொல்லியுள்ள எச்சரிக்கையைப் படித்த பிறகு, கையுறையும் காலுறையும் அணிந்து ஆசிரியரோ உழவரோ எடுக்கட்டும். தெளிப்பதற்கு முன் இரண்டு வயலிலும், பிறகு ஒப்பீட்டு வயலில் மட்டும் மாணவர்கள் இறங்கலாம். அதுவும் அந்த வயல்களில் அண்மையில் எதுவும் தெளிக்கவில்லை என்று உழவரிடம் கேட்டு உறுதி செய்த பிறகுதான். ஒப்பீட்டு வயலில் மாணவர் எண்ணியதையும் பெரியவர் எண்ணியதையும் தனித்தனியே எழுதி ஒப்பிட்டால், அளவிடுதலில் வரும் வேறுபாடு பற்றி ஒரு தனிப் பாடமே கிடைக்கும்.

நம் ஆய்வுக்காக யாரையும் மருந்து தெளிக்கச் சொல்லக் கூடாது. எப்படியும் தெளிக்கப்போகிறவரிடம் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முதல் நாள் போனால் போதும். காலிப் புட்டியைப் பிள்ளைகளைச் சேகரித்து வரச் சொல்வதும் கூடாது. சீட்டை ஆசிரியர் கைபேசியில் படம் எடுத்து வகுப்பில் காட்டலாம். அதிலுள்ள முக்கோணத்தின் நிறத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று நச்சுத்தன்மை குறையும். பச்சை என்றாலும் நஞ்சில்லை என்று பொருள் இல்லை. ஊரில் எல்லோரும் இதை 'மருந்து' என்றுதான் சொல்கிறோம், இந்தக் கட்டுரையில் நானும் பல இடங்களில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். சிவப்பு முக்கோணத்தில் மண்டை ஓட்டைப் பார்த்த பிறகு, "மருந்துன்னு ஏன் சொல்றோம்?" என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

கணக்கு

கீழே வருபவை வகுப்பில் விளக்குவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள், ஆய்வு முடிவுகள் அல்ல.

தெளித்த வயல்: முன் 48 சிலந்தி, பின் 18.
ஒப்பீட்டு வயல்: முன் 40, பின் 30.

மாணவர்கள் உடனே 48இல் 30 குறைந்தது, 62.5 சதவீதம் என்பார்கள். இப்போது ஒப்பீட்டு வயலைக் காட்டுங்கள். அங்கே யாரும் எதையும் தெளிக்கவில்லை. ஆனாலும் 40 சிலந்தி 30 ஆகியிருக்கிறது. நான்கில் ஒரு பங்கு தானாகவே குறைந்திருக்கிறது. அப்படியானால் தெளிக்காமல் விட்டிருந்தால் முதல் வயலின் 48 என்னவாகியிருக்கும்? 48 × 30 ÷ 40 = 36. இருந்திருக்க வேண்டியது 36, இருப்பது 18. ஆகவே தெளிப்பால் ஏற்பட்ட குறைவு சரிபாதி, 50 சதவீதம்.

இதைத்தான் 1955இல் ஹெண்டர்சன், டில்டன் என்ற இருவர் ஒரு வாய்பாடாக வெளியிட்டார்கள். பூச்சியியலில் அது இன்றும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே, 1925இல் ஆபட் என்பவர் ஒப்பீட்டில் தானாக இறந்தவற்றைக் கழித்துப் பார்க்கும் வாய்பாட்டைத் தந்திருந்தார். வாய்பாட்டை மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டாம். 'இருந்திருக்க வேண்டியது எவ்வளவு, இருப்பது எவ்வளவு' என்ற இரண்டு கேள்விகள் போதும், வாய்பாடு தானே வந்துவிடும்.

இந்த 62.5க்கும் 50க்கும் உள்ள வேறுபாடு வெறும் கணக்குத் திருத்தம் அல்ல. வயல் ஆய்வுகளில் நன்மை செய்யும் உயிரினங்கள் 25 சதவீதத்துக்குக் கீழ் குறைந்தால் தீங்கற்றது, 25 முதல் 50 வரை சிறிதளவு தீங்கானது, 51 முதல் 75 வரை மிதமான தீங்கு, அதற்கு மேல் தீங்கானது என்று மருந்துகளை வகைப்படுத்தும் ஒரு பன்னாட்டு முறை உண்டு. ஒப்பீட்டு வயலை மறந்தால் அதே மருந்து வேறு வகுப்புக்குப் போய்விடும்.

அடுத்த கணக்கு இன்னும் சுவையானது. தெளித்த வயலில் முன் 48, பின் 54. ஒப்பீட்டு வயலில் முன் 40, பின் 60. வரப்பில் நிற்கும் உழவர் நிச்சயம் சொல்வார், "பாருங்க டீச்சர், மருந்தடிச்சும் சிலந்தி கூடித்தானே இருக்கு." அவர் சொல்வது பொய் இல்லை, கூடித்தான் இருக்கிறது. ஆனால் தெளிக்காவிட்டால் 48 × 60 ÷ 40 = 72 ஆகியிருக்கும். 72க்குப் பதில் 54, அதாவது 25 சதவீதம் இழப்பு. கண்ணுக்குத் தெரியாத இழப்பு இது. கணக்குப் போட்டால்தான் தெரியும். எட்டாம் வகுப்புக்கு இந்த ஒரு கணக்கு புரிந்துவிட்டால், மற்றதெல்லாம் புரியாவிட்டாலும் பரவாயில்லை என்று நான் நினைக்கிறேன்.

எண் சொல்லாதவை

குறைந்தது என்றுதான் நாம் சொல்ல முடியும், செத்தது என்று சொல்ல முடியாது. இரை செத்துப்போனதால் பசித்த சிலந்தி அடுத்த வயலுக்குப் போயிருக்கலாம். மாணவரின் அறிக்கையில் "இறந்தன" என்று இருந்தால் அதை "குறைந்தன" என்று திருத்தச் சொல்லி, ஏன் என்று அவரையே விளக்கச் சொல்லுங்கள்.

நாள் செல்லச் செல்ல வரப்பிலிருந்தும் பக்கத்து வயலிலிருந்தும் சிலந்திகள் திரும்ப வந்து சேரும். அதனால் மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள் என்று தொடர்ந்து எண்ணி வரைபடம் போட வேண்டும். கீழே இறங்கி மேலே ஏறும் அந்தக் கோடு ஒற்றைச் சதவீதத்தைவிட அதிகம் சொல்லும். சிறிய வயலில் கோடு விரைவாக ஏறும், சுற்றிலும் தெளித்த பெரும்பரப்பில் மெல்லத்தான் ஏறும். வரப்பில் புல்லும் பயறும் இருந்ததா என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.

இன்னொன்று, குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஆய்வு தயாரிக்கும் ஆசிரியர்களுக்காக. ஒரு வயலில் இருபது குத்து பார்த்தால் இருபது சான்று கிடைத்துவிட்டதாக எழுதக் கூடாது. இருபது குத்தும் ஒரே வயல்தான், ஒரே தெளிப்புதான், ஒரே உழவரின் கைதான். சான்று ஒன்றே ஒன்று. குறைந்தது மூன்று, நான்கு இணை வயல்களாவது வேண்டும். ஒரு பள்ளியால் இது கடினம். குறுவளமையக் கூட்டத்தில் ஐந்து பள்ளிகள் பேசிவைத்துக்கொண்டு, பள்ளிக்கு ஓர் இணை வயல், ஒரே படிவம் என்று எடுத்தால் சம்பா பருவம் முடிவதற்குள் ஐந்து இணைகள் கையில் இருக்கும். படிவத்தில் தேதி, மருந்தின் பெயர், அளவு, முக்கோண நிறம், பயிரின் வயது, மழை பெய்ததா, நான்கு எண்கள் ஆகியவை இருந்தால் போதும். பூச்சியின் பெயரில் ஐயம் வந்தால் வேளாண்மை விரிவாக்க மையத்தின் உதவி வேளாண்மை அலுவலரைக் கேட்கலாம்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் வயலுக்குப் போக வேண்டியதில்லை. பள்ளிக் காய்கறித் தோட்டத்தில் ஐந்து செடியைக் காட்டி, ஆறு கால் ஒரு பக்கம், எட்டுக் கால் ஒரு பக்கம் என்று நேர்க்கோட்டுக் குறியிட்டு எண்ணச் சொல்லலாம். பொறிவண்டின் புழுவையும் வண்டையும் அருகருகே படமாக ஒட்டி, "இது அதோட குழந்தை" என்று சொல்லிவிட்டால் அந்த வகுப்பில் யாரும் அந்தப் புழுவை நசுக்க மாட்டார்கள்.

படிவத்தில் உழவரின் பெயர் வேண்டாம். 'அ' வயல், 'ஆ' வயல் என்றே இருக்கட்டும். தெளித்த வயல் வகுப்பில் அமர்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் அப்பாவுடையதாக இருக்கும். கடன் வாங்கி நட்ட பயிர் புகையானில் கருகுவதைப் பார்த்துக்கொண்டு யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். "உங்க அப்பாதான் சிலந்தியைக் கொன்னாரு" என்று ஒரு பிள்ளையிடம் இன்னொரு பிள்ளை சொல்லும் நிலை வந்தால், நாம் போட்ட சதவீதம் சரியாக இருந்தாலும் பாடம் தோற்றுவிட்டது. முடிவை அந்த உழவரிடம் சொல்லும்போது ஆசிரியரே போய், நான்கு எண்களையும் குத்துக்கு எத்தனை சிலந்தி என்பதையும் தாளில் எழுதிக் கொடுக்கலாம். தூருக்கு ஒன்றா, இரண்டா என்ற சேதநிலை அளவையும் அதன் கீழே எழுதுங்கள். எங்கள் ஊரில் அப்படிக் கொடுத்த தாளை ஒருவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "புகையானை எண்ணலையா? அடுத்த தடவை அதையும் சேர்த்து எண்ணுங்க" என்றார். இந்த ஆண்டுப் படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம்.